வேப்பலோடை முத்து: ஒரு குழுவின் வெற்றியும் அதன் எல்லையும்

1. கேள்வி

1973ஆம் ஆண்டு ஜூலை மாதம், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடைக் கடற்கரையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தாங்கள் வளர்த்த சிப்பிகளைத் திறந்தபோது உள்ளே உருண்டையான முத்து இருந்தது. இந்தியாவில் மனிதர் திட்டமிட்டு விளைவித்த முதல் கோள முத்து அதுதான். ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது 1972 அக்டோபரில். ஓர் ஆண்டு முடிவதற்குள், ஜப்பான் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொத்திக் காத்த ஒரு தொழில்நுட்பத்தை, ஜப்பானியர் எவரும் கற்றுத்தராமலேயே தூத்துக்குடியில் ஒரு சிறு குழு கைவசப்படுத்தியது.

அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. முத்துக்குளித்துறை என்று வரலாறு பெயர் சூட்டிய இந்தக் கரையில், பெயர் சொல்லும்படியான கடல்முத்துத் தொழில் இன்று இல்லை. நகைக்கடைகளில் மாலை மாலையாகத் தொங்கும் முத்துகளில் பெரும்பகுதி சீனத்து நன்னீர்க் குளங்களில் விளைந்தவை.

ஆக, ஒரே முயற்சியை வெற்றி என்றும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். ஒரு குழுவின் திறன்கள் புதிய பொருள் ஒன்றின் வெற்றியை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்று ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இந்திய எடுத்துக்காட்டு அரிது. முத்தை விளைவிப்பதற்கான திறன்கள் அனைத்தும் அந்தக் குழுவிடம் இருந்தன, முத்தைத் தொழிலாக்குவதற்கான திறன்கள் வேறு, அவற்றைக் கொண்ட அடுத்த குழு உருவாக்கப்படவே இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஆய்வுலகம் இதுவரை சொன்னது

புதுப்பொருள் உருவாக்கம் பற்றிய நவீன ஆய்வுகளில் 1986ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்களை ஆராய்ந்த ஹிரோடகா டக்கேயுச்சி, இகுஜிரோ நோனகா ஆகியோர், ஒரு துறை வேலையை முடித்து அடுத்த துறையிடம் கைமாற்றும் முறையை விட, பல துறையினர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாக நகரும் முறையே வேகமும் புதுமையும் தருகிறது என்றனர். 1992இல் கிம் கிளார்க்கும் ஸ்டீவன் வீல்ரைட்டும் குழுக்களை நான்கு வகையாகப் பிரித்தனர். துறைத்தலைவர்களுக்கு நிகரான அதிகாரமுள்ள ஒருவர் தலைமை தாங்கும் குழுவை வலுவான வகைகளுள் ஒன்றாக அவர்கள் கண்டனர்.

திறன் என்பது என்ன என்ற கேள்விக்கு வெஸ்லி கோஹனும் டேனியல் லெவிந்தாலும் 1990இல் ஒரு விடை தந்தனர். வெளியே உருவான அறிவை அடையாளம் கண்டு, செரித்து, பயன்படுத்தும் ஆற்றலுக்கு உள்வாங்கும் திறன் என்று பெயரிட்டனர். அந்தத் திறன் ஏற்கெனவே சேர்த்து வைத்த அறிவைப் பொறுத்தே அமைகிறது. கடல் தெரியாதவருக்கு முத்து வளர்ப்புக் கையேடு கிடைத்தாலும் பயன் குறைவு.

இவற்றுக்கு மறுபக்கமும் உண்டு. டெபோரா அன்கோனா, டேவிட் கால்டுவெல் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு, பல துறையினர் கலந்த குழுவுக்கு வெளித்தொடர்பு பெருகுகிறது என்றும், அதே கலப்பு நேரடியாகப் பார்த்தால் செயல்திறனைக் குறைக்கவும் செய்கிறது என்றும் காட்டியது. அதே ஆண்டில் டோரத்தி லியோனார்ட்-பார்ட்டன், ஒரு நிறுவனத்தின் மையத்திறனே காலப்போக்கில் அதன் இறுக்கமாக மாறக்கூடும் என்று எச்சரித்தார். எதில் கைதேர்ந்திருக்கிறோமோ அதையே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம், புதிதாகத் தேவைப்படும் திறனைக் கண்ணில் படாமல் செய்துவிடும்.

இந்த ஆய்வுகளுக்குப் பொதுவான ஒரு குறை இருக்கிறது. இவை பெரும்பாலும் வணிக நிறுவனங்களைப் பற்றியவை. பொருளை உருவாக்குபவரும் விற்பவரும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அரசு ஆய்வகத்தில் பிறக்கும் பொருளுக்கு அந்த வசதி கிடையாது. வேப்பலோடை அனுபவம் கோட்பாட்டைச் சோதிப்பது இந்த இடத்தில்தான்.

3. முன்வரலாறு: கடலை அறிந்தவர்களும் ஆய்வகத்தை அறிந்தவர்களும்

முத்துக்குளித்தல் என்பதே ஒரு கூட்டுத்தொழில். கரையிலிருந்து பல கல் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறைப் படுகைகளைக் கடற்கரை மக்கள் பார் என்பார்கள். தொளாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. கல்லைக் காலில் பிணைத்து இறங்கும் குளியாள், மேலே கயிறு பிடித்து அவர் உயிரைக் கையில் வைத்திருக்கும் துணையாள், தோணியைச் செலுத்துபவர், கரையில் சிப்பியைக் கூறுகட்டி ஏலம் விடுபவர் எனப் பலர் சேர்ந்தால்தான் ஒரு குளிப்பு நடக்கும். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக இந்த அறிவைச் சுமந்தவர்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு என்பது வழக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானம் இங்கே கால் வைத்தது. இலங்கைப் பார்களை வில்லியம் ஹெர்ட்மேனுடன் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1905இல் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்க முத்துக்குளிப்பு குறித்தும் அறிக்கை தந்தார். சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்குக் காரணம் என்ற கருத்து அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. இருவரும் கூர்மையான ஆய்வாளர்கள்தாம். ஆனால் புழுவைத் தேடிய பாதை முத்தை விளைவிக்கும் பாதையாக இருக்கவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறை 1930களில் ராமேஸ்வரம் அருகே குருசடைத் தீவில் சிப்பி வளர்த்துப் பார்த்தது. சிப்பியின் வளர்ச்சி பற்றிப் பல செய்திகள் கிடைத்தன. கோள முத்து கிடைக்கவில்லை.

ஜப்பானில் நிலைமை வேறாக இருந்தது. கோகிச்சி மிக்கிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை விளைவித்தார். கோள முத்துக்கான வழியை தட்சுஹெய் மிசே, தோகிச்சி நிஷிகாவா ஆகியோர் 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டனர். ஒருவர் தச்சுவேலை தெரிந்தவர், மற்றவர் உயிரியலாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், தங்கள் தொழில்நுட்பத்தை அயலாருக்குக் கற்பிக்கக் கூடாது, வெளிநாட்டுப் பண்ணைகளில் விளைவதும் ஜப்பான் வழியாகவே விற்பனைக்குப் போக வேண்டும் என்பது ஜப்பானிய முத்துத் தொழிலின் கொள்கையாக இருந்தது.

இங்கோ இயற்கைப் பார்கள் வற்றிக்கொண்டிருந்தன. 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் குளிப்புதான் தூத்துக்குடிக் கரையின் கடைசி வளமான பருவம். அதன் பிறகு பார்கள் அந்த அளவில் சிப்பி தரவில்லை. 1972இல் முத்து வளர்ப்பு ஆராய்ச்சி தொடங்கியபோது பின்னணியில் இருந்த அழுத்தம் இதுவே.

4. வேப்பலோடைக் குழுவிடம் இருந்தவை

வேப்பலோடையின் வேகத்துக்குத் தனி ஒருவரின் மேதைமையை மட்டும் காரணம் சொன்னால் கணக்கு நேராகாது. நான்கு வகைத் திறன்கள் அங்கே ஒன்றுகூடின.

முதலாவது, கடலடியை நேரில் பார்த்த அனுபவம். 1950களின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அனுப்பிய வல்லுநர் ஒருவர் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளை ஆராய்ந்தார். அந்தக் காலத்தை ஒட்டி கே. நாகப்பன் நாயர், எஸ். மகாதேவன் போன்ற ஆய்வாளர்கள் மூச்சுக்கருவி அணிந்து தாங்களே பார்களுக்குள் இறங்கினர். குளியாட்கள் மட்டும் அறிந்திருந்த தரையை உயிரியலாளர் கண்ணாலும் பார்க்கத் தொடங்கினர். எந்தப் பாரில் சிப்பி இருக்கிறது, எது மணல் மூடிக் கிடக்கிறது என்ற அறிவு தூத்துக்குடி நிலையத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. கோஹனும் லெவிந்தாலும் சொன்ன உள்வாங்கும் திறன் இப்படித்தான் சேர்கிறது.

இரண்டாவது, கைத்திறன். முத்துச் சிப்பியின் அறுவையை அருகில் சென்று பார்த்தால் இதன் கடுமை விளங்கும். சிப்பி ஐந்தாறு சென்டிமீட்டர் அளவே இருக்கும். மெந்தால் தூவிய கடல்நீரில் வைத்தால் அது மயங்கி ஓட்டைத் தளர்த்தும். திறந்த வாய் மூடாதபடி ஆப்பு செருகித் தாங்கியில் பொருத்துவார்கள். வேறொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் போர்வைச் சவ்விலிருந்து ஒரு பட்டையை வெட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, உலராமல் கடல்நீரில் நனைத்து வைத்திருப்பார்கள். பிறகு சிப்பியின் காலடியில் சிறு கீறல் இட்டு, இனப்பெருக்கச் சுரப்பிவரை ஒரு வழி ஏற்படுத்தி, சவ்வுத் துண்டையும் ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணியையும் உள்ளே வைக்க வேண்டும். சவ்வின் வெளிப்புறத் திசுப்படலம் மணியைத் தொட்டபடி அமைய வேண்டும். அது வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாக மூடிக்கொண்டு, அடுக்கடுக்காக முத்துப் பூச்சைச் சுரக்கும். துண்டு புரண்டு அமைந்தாலோ, மணியை விட்டு விலகினாலோ முத்து கிடையாது. வெட்டு ஆழமானால் சிப்பியே பிழைக்காது.

இந்த வேலையின் கோட்பாடு நூல்களில் இருந்தது. விரல் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது எந்த நூலிலும் இல்லை. திட்டத்தை முன்னின்று நடத்திய கே. அழகர்சாமியும் உடனிருந்தோரும் சிப்பி சிப்பியாகச் செய்து பார்த்து அந்த அறிவைத் தாங்களே உருவாக்கினர். ஜப்பான் மறைத்து வைத்திருந்ததும் பெரும்பாலும் இந்தக் கை அறிவைத்தான்.

மூன்றாவது, பட்டறை. உலக முத்துத் தொழிலுக்கான உட்கரு மணி, மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் நன்னீர் மட்டி ஓடுகளிலிருந்து ஜப்பானில் கடையப்பட்டு வந்தது. அது கிடைத்தால்தான் வேலை நடக்கும் என்றால் திட்டம் அயலார் கையில். எம். வேலு, அழகர்சாமி, நிறுவன இயக்குநர் எஸ். இசட். காசிம் ஆகிய மூவர் பெயரில் 1973இல் இந்திய மீன்வள இதழில் வந்த கட்டுரை, ஓட்டிலிருந்து கோள வடிவ மணி செய்யும் முறையைப் பற்றியது. மணிக்கு ஏற்ற சங்கு இந்தக் கடலின் செல்வம், அதன் ஓடும் தடிப்பானது. அறுத்து, உருட்டி, மெருகேற்றும் நுட்பத்தை ஆய்வேட்டின் பக்கத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கட்டுரை, பட்டறையும் ஆய்வகமும் ஒரே குழுவில் இருந்ததற்குச் சான்று.

நான்காவது, மேலிடத்தின் நேரடி ஈடுபாடு. நிறுவனம் 1947இல் தொடங்கி, 1967இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 1970 முதல் 1974 வரை இயக்குநராக இருந்த காசிம், பின்னாளில் 1981-82இல் இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கியவர். தெரியாத இடத்துக்கு ஆளை அனுப்பத் தயங்காத தலைமை அது. இயக்குநரே இணை ஆசிரியராக அமர்ந்து வேலை செய்த திட்டத்தில் முடிவுகள் கோப்புகளில் உறங்கியிருக்க வாய்ப்பில்லை. கிளார்க்கும் வீல்ரைட்டும் பின்னாளில் விவரித்த அதிகாரமுள்ள குழுவுக்கு மிக அருகில் இது வருகிறது.

அன்கோனாவும் கால்டுவெல்லும் சுட்டிய உரசல் இங்கே ஏன் குழுவைக் கெடுக்கவில்லை? ஆள் குறைவு, இலக்கு ஒன்று, வேலை செய்யும் இடமும் ஒன்று. கடலுக்குப் போனவரும் அறுவை செய்தவரும் ஒரே கொட்டகையில் சிப்பியைத் திறந்து பார்த்தனர். பிழை யாருடைய கட்டத்தில் நேர்ந்தது என்பது அன்றே தெரிந்துவிடும்.

5. இரண்டாம் சுற்று: 1981

முதல் வெற்றியின் கையோடு ஒரு சிக்கல் எழுந்தது. அறுவைக்குச் சிப்பி வேண்டும். சிப்பியோ பார்களிலிருந்து குளித்துத்தான் எடுக்க வேண்டும், பார்களே வறண்டு கிடக்கின்றன. எனவே சிப்பியைக் கரையிலேயே இனப்பெருக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

இதற்குத் தேவைப்பட்ட திறன் முற்றிலும் வேறு. சிப்பியை முட்டையிடச் செய்வது, கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகளுக்கு நுண்பாசி வளர்த்து ஊட்டுவது, தொட்டி நீரைத் தூய்மையாக வைப்பது எல்லாம் பொரிப்பக வேலை. 1981இல் தூத்துக்குடி நிலையம் இதிலும் வென்றது. 1983இல் அனைத்துலக நீர்வாழ் உயிரின வளர்ப்பு இதழில் வந்த கட்டுரையில் அழகர்சாமியோடு எஸ். தர்மராஜ், டி. எஸ். வேலாயுதன், ஏ. செல்லம், ஏ. சி. சி. விக்டர், ஏ. டி. காந்தி என ஆறு பெயர்கள் இருக்கின்றன. 1973இல் இருந்த குழு எட்டு ஆண்டுகளில் ஆட்களையும் திறனையும் கூட்டிக்கொண்டு புதிய தடையைத் தாண்டியது. அதன்பின், பொரித்த குஞ்சுகளைப் பார்களில் கொண்டுபோய் விதைக்கும் முயற்சியும் நடந்தது.

எனவே, இக்குழு பழைய திறனிலேயே உறைந்துவிட்டது என்று லியோனார்ட்-பார்ட்டனின் கருத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. உயிரியலின் எல்லைக்குள் எழுந்த ஒவ்வொரு தடைக்கும் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. தடை உயிரியலுக்கு வெளியே போனபோதுதான் சிக்கல்.

6. தொழில் ஏன் ஊன்றவில்லை: நான்கு விளக்கங்கள்

முதல் விளக்கம் கடலைக் காரணம் காட்டுகிறது. ஜப்பானின் ஆகோ விரிகுடா நிலம் சூழ்ந்த அமைதியான நீர்நிலை. வேப்பலோடை திறந்த கரை. பருவக்காற்று வீசும் மாதங்களில் மிதவைகள் தாங்குவது கடினம். பின்னர் தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்குள் பண்ணை அமைந்தது. 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அலை குறைந்தாலும் கொட்டலசு போன்ற ஒட்டுயிர்களும், ஓட்டைத் துளைக்கும் புழுக்களும் கடற்பஞ்சுகளும் சிப்பிகளைச் சூழ்ந்தன. இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் முத்துப் பூச்சு ஜப்பானை விட விரைவாகப் படிகிறது என்பதும் அதே அளவு உண்மை. கடல் தடையும் தந்தது, சலுகையும் தந்தது.

இரண்டாவது விளக்கம் சந்தையைச் சொல்கிறது. சீனத்து நன்னீர் முத்து 1980களிலிருந்து பெருகி விலையைச் சரித்தது. சிறிய அளவே வளரும் நம் சிப்பியில் பெரிய மணி வைக்க இயலாது. சிறு முத்துச் சந்தையில்தான் போட்டியும் கடுமை. ஆனால் 1973க்கும் சீன வெள்ளத்துக்கும் இடையே பல ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் பயன்படாமல் போனதற்குச் சீனாவைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, சட்டமும் உரிமையும். கடலில் ஒரு பரப்பை நீண்ட காலத்துக்கு உறுதியாகக் குத்தகைக்குப் பெறும் ஏற்பாடு இல்லாமல் எவரும் ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டிய பயிரில் பணம் போடமாட்டார். குருசடைத் தீவு உட்பட 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளைக் காக்கும் அந்த முடிவு சரியானது. பண்ணை வைக்க விரும்புவோர் அதற்கேற்ப வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

நான்காவது விளக்கம்தான் குழுவைத் தொடுகிறது. தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமும் தூத்துக்குடியின் ஸ்பிக் உர நிறுவனமும் 1983இல் கூட்டாக முத்து வளர்ப்பில் இறங்கின. குருசடையில் பண்ணை, மண்டபத்தில் பொரிப்பகம் என்பது ஏற்பாடு. 1990களின் தொடக்கத்தில் வாலிநோக்கம் மீனவர்களைக் கொண்டு கிராம அளவில் வளர்க்கும் முயற்சியை ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. இரண்டிலும் தொழில்நுட்பம் கைமாறியது. உரக் கம்பெனிக்கு நிர்வாகம் தெரியும், மீனவருக்குக் கடல் தெரியும், ஆய்வாளருக்குச் சிப்பி தெரியும். முத்தைத் தரம் பிரித்து, நிறமும் உருவும் ஒத்த முத்துகளைக் கோத்து, வாங்குபவரிடம் விலை பேசத் தெரிந்த முத்து வணிகருக்கு இந்த ஏற்பாடுகளில் மையமான இடம் இருக்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சிப்பிகளுக்கு அறுவை செய்யும் நிரந்தரத் தொழிலாளர் படையும் உருவாகவில்லை. பயிற்சி பெற்ற அலுவலர் இடமாற்றத்தில் போனால் அவர் விரலில் இருந்த அறிவும் கூடவே போய்விடும்.

7. ஓர் ஒப்பீடு: மேற்கு ஆஸ்திரேலியாவின் குரி விரிகுடா

மேற்கு ஆஸ்திரேலியாவின் குரி விரிகுடாவில் 1956இல் முத்துப் பண்ணை தொடங்கியபோது அங்கிருந்தவர்களிடம் அறுவை நுட்பம் இல்லை. அதைத் தொகுயிச்சி குரிபயாஷியின் ஜப்பானிய நிறுவனம் கொண்டுவந்தது. அவர் பெயரே விரிகுடாவுக்கும் வந்தது. மெல்போர்ன் வணிக நிறுவனம் ஒன்றும், நியூயார்க்கின் ஆட்டோ கெர்டாவ் நிறுவனமும் பங்காளிகள். புரூம் நகரின் பழைய சிப்பித் தொழில் சிப்பியைத் தந்தது. கடல், கை, பணம், சந்தை ஆகிய நான்கும் முதல் நாளே ஒரே ஒப்பந்தத்தில் இருந்தன.

தூத்துக்குடியில் நடந்தது இதற்கு நேர் எதிர். எல்லோரும் கடினம் என்று கருதிய அறுவை நுட்பத்தைச் சொந்தமாகக் கண்டுபிடித்தார்கள். எளிதில் கிடைக்கக்கூடிய வணிகத் திறன் கடைசிவரை குழுவுக்குள் வரவில்லை. அறிவியல் தகுதியில் வேப்பலோடை குரி விரிகுடாவை விட மேலானது, தொழிலில் குரி விரிகுடா நிலைத்தது.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஆஸ்திரேலியச் சிப்பி பெரியது, அதன் முத்தும் பெரியது, விலையும் அதிகம். குழு அமைப்பு மட்டுமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. இருந்தாலும், உயிரினத்தையும் கடலையும் நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதாக இருந்தது குழு ஒன்றுதான்.

8. முடிவு

திறமையான குழு இருந்தால் புதுப்பொருள் வெற்றி பெறும் என்ற பொதுக்கூற்று வேப்பலோடையில் பாதி அளவே நிற்கிறது. திறன் என்பதை ஒற்றைச் சொல்லாக வைத்துக்கொண்டால் 1973ஐயும் விளக்க முடியாது, அதற்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளையும் விளக்க முடியாது. பொருளை உருவாக்கும் திறன், பெருக்கும் திறன், விற்கும் திறன் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் இருக்கிறாரா என்று கேட்டால்தான் விளக்கம் கிடைக்கிறது. அழகர்சாமியின் குழு முதல் கட்டத்தை முழுமையாகவும், 1981இல் இரண்டாம் கட்டத்தில் பாதியையும் முடித்தது. மீதியை ஆய்வாளர்களிடமே எதிர்பார்த்தது கொள்கை வகுத்தவர்களின் தவறு, ஆய்வாளர்களின் தவறன்று.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் முத்து வளர்ப்புக்கும் இடம் தருகிறது. தூத்துக்குடியில் மத்திய நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, 1977 முதல் மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது, கடலறிந்த பரதவர் குடும்பங்களும் சங்குத் தொழிலாளரும் இருக்கிறார்கள். மீண்டும் ஒரு முத்துத் திட்டம் வருமானால், திட்ட அறிக்கையில் கையெழுத்திடும் முன்பே முத்து வணிகர் ஒருவரையும், கடல்பரப்பின் குத்தகை உரிமைக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரையும், அறுவைப் பயிற்சிக்கு வரும் மீனவப் பெண்களையும் ஆய்வாளருக்குச் சமமான உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். அவர்கள் இல்லாத திட்டத்துக்கு அரசு நிதி ஒதுக்கக் கூடாது.